ஆபரேஷன் டேபிளில் பிபி இறங்கப் போகுதா... முன்கூட்டியே சொல்ல முடியுமா?

ஆபரேஷன்னா எல்லோருக்கும் கத்திதான் பயம். ஆனா, மயக்க மருந்து டாக்டரின் கண் மானிட்டரில் ஓடும் பிபி எண் மேலேயே இருக்கும். புரோபோஃபால் மாதிரி மருந்து உடம்பில் ஏறியதும் ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரியும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். அதனால கத்தி படுறதுக்கு முன்னாடியே பலருக்கு பிபி சரிஞ்சுடும்.

இங்கே கணக்கு 120/80 இல்லை, சராசரி அழுத்தம். அது 65-க்குக் கீழே போனா டாக்டர் உஷாராகிடுவார். அமெரிக்காவின் க்ளீவ்லேண்ட் கிளினிக்கில் நடந்த 33,000-க்கும் அதிகமான ஆபரேஷன்களை அலசிய ஆய்வு 2013-ல் வெளியானது. 55-க்குக் கீழே சில நிமிடங்கள் இருந்தவங்களுக்கே கிட்னி, இதய பாதிப்பு கூடுதலா இருந்துச்சு.

இறங்கின பிறகு ஓடுறதைவிட, முன்பே தெரிஞ்சா நல்லதுதானே? அப்படி வந்ததுதான் எட்வர்ட்ஸ் நிறுவனத்தின் மென்பொருள். 2018-ல் அமெரிக்க அரசு அனுமதி கிடைச்சது. மணிக்கட்டுத் தமனியில் போட்ட மெல்லிய குழாயிலிருந்து வரும் அலையின் வடிவத்தைப் படிச்சு, 0 முதல் 100 வரை ஒரு எண் காட்டும். 85-ஐத் தாண்டினா, 'பிபி இறங்கப் போகுது' என்று அலாரம்.

2020-ல் ஆம்ஸ்டர்டாமில் 60 பேரிடம் சோதிச்சப்போ, பிபி தாழ்ந்திருந்த நேரம் சுமார் 33 நிமிடத்திலிருந்து 8 நிமிடமாகக் குறைஞ்சது. அதே வருஷம் 214 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையில் பெரிய வித்தியாசமே இல்லை. அப்புறம் வந்த விமர்சனம்தான் சுவாரஸ்யம். மென்பொருளைப் பழக்கியப்போ, 65-க்கும் 75-க்கும் நடுவே தடுமாறின நேரங்களை ஒதுக்கிட்டாங்களாம். கஷ்டமான கேள்வியை எடுத்துட்டு பரீட்சை வெச்ச மாதிரி! மானிட்டரில் ஓடும் சராசரி அழுத்தமே கிட்டத்தட்ட அதே அளவுக்குக் கணிச்சிடும்னு வாதம்.

அதனால பழைய வழிக்கு மவுசு குறையலை. வயசு, மயக்கத்துக்கு முந்தைய பிபி, உடம்பில் நீர்ச்சத்து, பல வருஷ சர்க்கரை நோய்... இதையெல்லாம் டாக்டர் கேட்பது சும்மா இல்லை. முக்கியமா பிபி மாத்திரை. ராமிப்ரில், லோசார்ட்டான் வகை மாத்திரையைக் காலையில் போட்டிருந்தா, மயக்கம் கொடுத்ததும் பிபி அதிகமா இறங்கலாம். அதுக்காக நீங்களே நிறுத்திடாதீங்க. நிறுத்தணுமா, எப்போதுன்னு டாக்டர் சொல்வார். வீட்டுல தாத்தாவுக்கு ஆபரேஷனா? அவர் போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பெயர் தெரியுற மாதிரி போன்ல போட்டோ எடுத்துட்டுப் போய் மயக்க டாக்டர்கிட்ட காட்டுங்க. கடைசியா எப்போ போட்டார்னும் சேர்த்துச் சொல்லுங்க.