அல்லிநகரமும் முன்சீப் நீதிமன்ற விதிகளும்

முன்சீப் என்பது உரிமையியல் வழக்குகளை விசாரிக்கும் கீழ்நிலை நீதிபதியைக் குறிக்கும் அரபு வழிச் சொல். சென்னை மாகாணத்தில் இப்பெயரில் இருவர் இருந்தனர். ஒருவர் ஊரிலேயே இருந்த கிராம முன்சீப். மற்றவர் வட்டத் தலைமையூர் போன்ற இடங்களில் அமர்ந்த மாவட்ட முன்சீப். இன்று தேனி அல்லிநகரம் நகராட்சிக்குள் இருக்கும் அல்லிநகரம் அன்று மதுரை மாவட்டத்துப் பெரியகுளம் வட்டத்தைச் சேர்ந்த ஊர். இவ்வூரார் எந்த வழக்கை ஊரில் முடித்துக்கொள்ளலாம், எதற்குப் பெரியகுளம் போக வேண்டும் என்பதை அரசு வகுத்த விதிகளே தீர்மானித்தன.

அவ்விதிகளின் தொடக்கம் 1816. தாமஸ் மன்றோ தலைமையிலான நீதித்துறை ஆணையத்தின் முயற்சியால் அவ்வாண்டில் பல ஒழுங்குமுறைச் சட்டங்கள் வெளிவந்தன. 4ஆம் சட்டம் ஊர்த் தலைவரைக் கிராம முன்சீப் ஆக்கி, 10 ரூபாய் வரையிலான வழக்குகளை அவரிடம் விட்டது. 6ஆம் சட்டம் மாவட்ட முன்சீப்களை ஏற்படுத்தியது. பழைய ஊர்ப் பஞ்சாயத்தை மீட்பதாகவே மன்றோ கருதினார். ஆனால் நிலவரி வசூலிப்பவரும் ஊர்க் காவலுக்குப் பொறுப்பானவரும் நீதி சொல்பவரும் ஒரே ஆளாகிவிட்டனர்.

இதன் விளைவை 11ஆம் சட்டத்தில் தெளிவாகக் காணலாம். வசைமொழி, சிறு அடிதடி போன்ற குற்றங்களுக்கு ஊர்த் தலைவர் 12 மணி நேரம் வரை சாவடியில் அடைத்து வைக்கலாம். குற்றவாளி 'தாழ்ந்த சாதி'யினர் என்றால் 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம். ஒரே குற்றத்துக்கு ஆளைப் பார்த்துத் தண்டனை! ஊர் வழக்கமாக மட்டும் இருந்திருந்தால் காலப்போக்கில் மங்கியிருக்கக்கூடிய ஒன்றை அரசே அச்சிட்ட சட்டமாக்கிவிட்டது. கிராம நீதியைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோர் இப்பிரிவை ஒருமுறை படிக்க வேண்டும்.

1889ஆம் ஆண்டின் கிராம நீதிமன்றச் சட்டம் வரம்பை 20 ரூபாயாக உயர்த்தியது. வழக்கறிஞர்களுக்கு அங்கே இடமில்லை, மேல்முறையீடும் இல்லை. ஊழல், பாரபட்சம், வெளிப்படையான அநீதி எனக் காட்டினால் மட்டும் மாவட்ட முன்சீப் தீர்ப்பை ரத்து செய்யலாம். அசையாச் சொத்து வழக்குகள் கிராம நீதிமன்றத்துக்கு அப்பாற்பட்டவை. 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்டுக் கம்பம் பள்ளத்தாக்கில் நஞ்சை பெருகியபோது, நிலத் தகராறுகள் எல்லாம் இதனால் மாவட்ட முன்சீப்பிடமே போக வேண்டியிருந்தன. அந்த நீதிமன்றத்தின் அதிகாரம் 1873ஆம் ஆண்டின் உரிமையியல் நீதிமன்றச் சட்டப்படி 2,500 ரூபாய் வரை.

கிராம முன்சீப் பதவி பரம்பரையாக வந்தது. 1895ஆம் ஆண்டின் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. குண்டூர் மாவட்டத்து ஊர் ஒன்றின் முன்சீப் பதவி பற்றிய வழக்கில், பரம்பரை உரிமை அரசியலமைப்பின் 16ஆம் பிரிவுக்கு முரணானது என 1960இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் கர்ணம், முன்சீப் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் அவசரச் சட்டத்தால் ஒழித்தது. பின்னர் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அவருக்கு வருவாய்ப் பணி உண்டு, நீதி வழங்கும் அதிகாரம் இல்லை. பெயர் மட்டும் 'முன்சீப் வீடு' என்று சில ஊர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மாவட்ட முன்சீப் தொடர்ந்தார். 1996இல் மதுரையிலிருந்து தேனி மாவட்டம் பிரிக்கப்பட்ட பின், மாவட்ட நீதிமன்றம் தேனிக்கும் பெரியகுளத்துக்கும் இடையே லட்சுமிபுரத்தில் அமைந்தது. 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தொடங்கியதால் மேல்முறையீட்டுக்குச் சென்னை போகும் அலைச்சலும் குறைந்தது. போடிநாயக்கனூரிலும் ஆண்டிபட்டியிலும் மாவட்ட முன்சீப்பே குற்றவியல் நடுவராகவும் இருக்கிறார். 1816இல் போலவே இரு அதிகாரமும் ஒருவரிடம் உள்ளன. ஆனால் இவர் வரி வசூலிப்பதில்லை, காவல்துறையை நடத்துவதில்லை. இவரது இடமாற்றமும் ஒழுங்கு நடவடிக்கையும் 235ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் கையில் உள்ளன.