சோழமண்டலக் கரையின் சிவப்பு

சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான நிலங்களில் வளரும் இம்பூறல் என்னும் சிறுசெடியின் வேர், சாயவேர் எனப் பெயர் பெற்று, தமிழர் அன்றாடம் உடுத்த சேலைக்கும் தலைப்பாகைக்கும் பல நூற்றாண்டுகள் சிவப்பு நிறம் அளித்தது. கடுக்காய் நீரில் நனைத்த பருத்தித் துணியில், சாயத்தை இழையோடு பிணைக்கும் உப்பாகிய படிகாரத்தை ஏற்றி, பின்னர் வேர்ச்சாயத்தில் கொதிக்கவைத்ததால், அந்நிறம் பலமுறை வெளுத்தபின்னும் மங்காது நின்றது. இத்தகைய துணிகளைக் கொள்முதல் செய்யும் நோக்கமே 1639இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சென்னைக்கு ஈர்த்தது. 1734இல் சிந்தாதிரிப்பேட்டை நெசவாளர் குடியிருப்பாக உருவானதும் அத்துணி வணிகத்தின் விளைவே. சிவப்புக்குக் காரணமான அலிசரின் என்னும் பொருள் 1868இல் ஜெர்மனியில் செயற்கையாக உருவாக்கப்பட்டபின், மலிவான ஆலைச்சாயம் பரவி, சாயவேர்த் தொழில் நலிந்தது. எஞ்சியுள்ள அக்கைத்தொழில் அறிவைப் பதிவுசெய்து காப்பது தமிழக வரலாற்றாய்வின் கடமையாகும்.