புருவ உயர்த்தல் அறுவை சிகிச்சை
சரிந்த புருவத்தை மேலேற்றி நிலைநிறுத்தும் சிகிச்சை. கண்ணை மூடுவதுபோல் தோல் தொங்குவதற்குப் புருவச் சரிவு மட்டுமே காரணமல்ல. மேலிமைத் தோல் தளர்ந்திருக்கலாம், இமையைத் தூக்கும் தசை வலுவிழந்திருக்கலாம். இவற்றில் எது காரணம் என்று பிரித்தறிவதே முதல் வேலை. நோயாளியைக் கண்மூடி நெற்றியைத் தளர்த்தச் சொல்லி, மெல்லத் திறக்கும்போது புருவம் எங்கே நிற்கிறது என்று மருத்துவர் பார்ப்பார். புருவத்தை விரலால் உரிய இடத்துக்குத் தூக்கிய பிறகும் தோல் மடிந்தால் இமை அறுவையும் தேவை. சரிவைக் கவனிக்காமல் இமைத்தோலை மட்டும் வெட்டினால், அதுவரை புருவத்தைத் தூக்கிப் பிடித்திருந்த நெற்றித்தசை தளர்ந்து புருவம் இன்னும் இறங்கக்கூடும்.

1990களில் பரவிய எண்டோஸ்கோப்பி முறையில் முடிக்குள் மூன்று முதல் ஐந்து சிறு கீறல்களே போடப்படும், தழும்பு முடிக்குள் மறைந்திருக்கும். ஆனால் நெற்றி உயரமானவர்களுக்கு முடிக்கோடு மேலும் ஏறும். அவர்களுக்கு முடிக்கோட்டை ஒட்டிய கீறல் பொருந்தும். வெளிப்புறம் மட்டும் சரிந்திருந்தால் நெற்றிப்பொட்டுப் பகுதி உயர்த்தல் போதும். காதுக்குக் காது வெட்டும் பழைய முறை உச்சந்தலையை மரத்துப்போகச் செய்வதால் அருகிவிட்டது. முகவாதத்தில் ஒரு புருவம் மட்டும் விழுந்தவர்களுக்கு, தழும்பு தெரிந்தாலும், புருவத்துக்கு நேர்மேலே வெட்டும் முறையே அதிகத் துல்லியமானது.