பாரமும் வளைவும்

ஆங்கிலத்திலே ‘ஸ்ட்ரெஸ்’ என்னும் சொல் நெடுங்காலம் இன்னலையும் இடரையுமே குறித்து வந்தது. இறுகக் கட்டுதலைக் குறித்த லத்தீன் வினையொன்றே அதன் வேர். 19ஆம் நூற்றாண்டிலே பொறியியலார் அதனைத் தமதாக்கினர். பாரந் தாங்கும் இரும்புச் சட்டத்தினுள்ளே எழும் விசைக்கு ‘ஸ்ட்ரெஸ்’ என்றும், அச்சட்டம் நீண்டோ வளைந்தோ உருமாறுவதற்கு ‘ஸ்ட்ரெயின்’ என்றும் கிளாஸ்கோப் பேராசிரியர் ராங்கின் பெயர் வகுத்தார். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இவை தகைப்பு, விகாரம் எனப்படும்.

1936ஆம் ஆண்டிலே மொன்றியல் நகரில் ஹான்ஸ் செலியே என்னும் மருத்துவ ஆய்வாளர் எலிகளைக் குளிருக்கும் நஞ்சுக்கும் மிகை உழைப்புக்கும் உள்ளாக்கினார். வருத்தியது எதுவாயினும் விளைவு ஒன்றே: சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி பருத்தது, இரைப்பையிலே புண் உண்டாயிற்று. இவ்விளைவுக்கே அவர் பின்னர் ‘ஸ்ட்ரெஸ்’ எனப் பெயரிட்டார். பொறியியலார் ‘ஸ்ட்ரெயின்’ என்றே சொல்லியிருப்பர். வியன்னாவிற் பிறந்த அவருக்கு ஆங்கிலம் தாய்மொழியன்று. சொல் மாறிப்போனதைப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். காரணத்தைச் சுட்ட ‘ஸ்ட்ரெஸர்’ என வேறொரு சொல்லும் புனைய நேர்ந்தது.

தமிழிலே சிக்கல் வேறு. ‘மன அழுத்தம்’ என்பது சிலர் வாயில் வேலைப்பளு தரும் நெருக்கடியையும், வேறு சிலர் எழுத்தில் மனச்சோர்வு என்னும் நோயையும் குறிக்கின்றது. அச்சொல்லோடு வந்து அமர்பவரிடம், எதனைச் சொல்கிறார் என்று மருத்துவர் மறுபடியும் கேட்கவேண்டியுள்ளது.