பாய்ப்பலகை யாருடையது?

விண்ட்சர்ஃபிங் எனப்படும் பாய்ப்பலகை விளையாட்டை ஹாயில் ஸ்வைட்சர், ஜிம் டிரேக் என்ற இரு அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததாகவே பலரும் எழுதுகிறார்கள். அவர்கள் 1968இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது உண்மை. ஆனால் அதற்குப் பத்தாண்டு முன்பே, 1958இல், இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற 12 வயதுச் சிறுவன் பலகையில் பாய் கட்டி ஓட்டியிருந்தான். 1965இல் நியூமன் டார்பி என்பவர் தம் பாய்ப்பலகையைப் பற்றி ‘பாப்புலர் சயின்ஸ்’ இதழில் எழுதியிருந்தார். ஒரே எண்ணம் மூன்று இடங்களில் முளைத்திருக்கும்போது அதை ஒருவரின் தனிச்சொத்தாகக் கொள்வது எப்படி?

சிறுவனின் விளையாட்டும் பொறியாளரின் கண்டுபிடிப்பும் ஒன்றாகுமா என்று கேட்கலாம். சில்வர்ஸ் பாயைப் பிடித்தது நேரான கம்புகளால். ஸ்வைட்சரும் டிரேக்கும் காப்புரிமை கோரியதோ பாயின் இருபுறமும் வில்லாக வளைந்த கைப்பிடியை. காப்புரிமை வழக்கில் இந்த வேறுபாடு நீதிமன்றத்திலும் அலசப்பட்டது. நேரான கம்பும் ஓட்டத்தில் வளையவே செய்யும். அதை வில்லாக்குவது தொழில் தெரிந்தவருக்கு எளிதில் தோன்றும் மாற்றமே. சில்வர்ஸ் ஒளிந்து ஓட்டவுமில்லை. எல்லோரும் காண வெளிப்படையாகவே ஓட்டினான். இவற்றைக் கருதி இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் காப்புரிமை செல்லாது என்றது.

ஸ்வைட்சரின் வணிக முயற்சி இல்லாமல் இவ்விளையாட்டு 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் வரை போயிருக்காது என்பது அடுத்த வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் அது பரப்பியதற்கான பெருமை. படைத்ததற்கான உரிமை அல்ல. கரையில் பலர் பார்க்க, பழக, திருத்த வளர்ந்த கலைக்குத் தனி உரிமையாளர் இல்லை.