இல்லம் தேடி வந்த ஆசிரியர்கள்

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஆசிரியரை அமர்த்திப் பாடம் சொல்லுவிப்பது இக்காலத்துப் புதுவழக்கம் எனப் பலரும் கருதுகின்றனர். ஆனால், ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே பாக்தாத் நகரில் அது மதிப்புமிக்கதொரு தொழிலாக விளங்கிற்று. மக்தபில் சிறுவர்க்கு எழுத்தறிவித்தவரை 'முஅல்லிம்' என்றும், செல்வர் இல்லங்களில் கற்பித்தவரை 'முஅத்திப்' என்றும் அழைத்தனர். பின்னைய சொல், 'அதப்' என்பதோடு ஒரே வேரில் பிறந்தது. 'அதப்' இலக்கியத்தையும் குறிக்கும், நல்லொழுக்கத்தையும் குறிக்கும். இவ்விரண்டையும் ஒருங்கே ஊட்டுவதே அவ்வாசிரியரின் கடமையாக இருந்தது.

கலீபா ஹாரூன் அர்ரஷீதின் மைந்தர்களான அமீனுக்கும் மஃமூனுக்கும் ஆசிரியராக அமைந்தவர், கிராஅத் இமாம்கள் எழுவருள் ஒருவரும் இலக்கண மேதையுமான இமாம் கிஸாயீ (ரஹ்) ஆவார். அமீனுக்குப் பாடம் சொன்ன அஹ்மர் என்பாருக்குக் கலீபா கூறிய அறிவுரையை, இப்னு கல்தூன் 1377ஆம் ஆண்டில் எழுதிய 'முகத்திமா'வில் பதிவு செய்துள்ளார். திருக்குர்ஆன், வரலாறு, கவிதை, நபிவழி ஆகியவற்றைக் கற்பிக்க வேண்டும்; பயனின்றி ஒரு நாழிகையும் கழியலாகாது; ஆயினும் பிள்ளையின் உள்ளம் சோர்ந்துவிடுமாறு வருத்தவும் கூடாது, சோம்பலில் சுவை காணுமாறு விட்டுவிடவும் கூடாது; இயன்றவரை மென்மையாலேயே திருத்த வேண்டும் என்பது அதன் சாரம்.

கணிதமும் தத்துவமும் இல்லத்திலேயே கற்பிக்கப்பட்டமைக்கு இப்னு ஸீனாவின் இளமைப் பருவம் சிறந்த சான்றாகும். 980ஆம் ஆண்டில் புகாராவுக்கு அருகே பிறந்த அவர், பத்து வயதிற்குள் திருக்குர்ஆனையும் இலக்கியத்தையும் கற்றுத் தேர்ந்தார். ஸாமானிய அரசின் அலுவலராயிருந்த தந்தை, இந்தியக் கணக்கு முறையைக் கற்றுவரத் தம் மகனை ஒரு காய்கறி வணிகரிடம் அனுப்பினார். அறிவு எவரிடம் இருந்ததோ அவரிடம் செல்வதை அக்குடும்பம் இழிவாகக் கருதவில்லை.

பின்னர் நாத்திலீ என்னும் தத்துவ ஆசிரியர் புகாராவுக்கு வந்தார். தந்தை அவரைத் தம் இல்லத்திலேயே தங்கவைத்தார். மாணவரின் கூர்மையைக் கண்டு வியந்த நாத்திலீ, இப்பிள்ளையைக் கல்வியன்றி வேறெதிலும் ஈடுபடுத்த வேண்டாமெனத் தந்தையிடம் கூறினார். யூக்ளிடின் வடிவியலில் முதல் ஐந்தாறு தேற்றங்களை மட்டுமே ஆசிரியர் நடத்தினார். எஞ்சியவற்றை மாணவரே தீர்த்துக்கொண்டார். தாலமியின் வானியல் நூலான 'அல்மஜஸ்தி'யில் கணித வடிவங்கள் வந்தபோது, "நீயே படித்துத் தீர்வு கண்டு என்னிடம் காட்டு" என்ற பொருள்பட ஆசிரியர் கூறிவிட்டார். அவற்றுள் பலவற்றை மாணவரிடமிருந்தே ஆசிரியர் அறிந்துகொள்ள நேர்ந்தது.

நாத்திலீ பேரறிஞராகப் புகழ் பெற்றவர் அல்லர். எனினும், தம் அறிவின் எல்லை வந்ததும் மாணவரைத் தடுத்து நிறுத்தாமல் வழிவிட்டு நின்றார். அவர் குர்கான்ஜுக்குச் சென்ற பின்னர், இப்னு ஸீனா தாமாகவே மருத்துவம் பயின்றார். பதினாறாம் வயதில் மருத்துவர்களே அவரிடம் பாடம் கேட்கலாயினர்.

இம்முறைக்கு ஒரு குறையும் உண்டு. பொருளுடையார் இல்லத்துக்கே முஅத்திப் வருவார். ஏழையின் குடிசைக்கு வரமாட்டார். அக்குறையைப் பள்ளிவாசல்களில் நடைபெற்ற கல்வி வட்டங்கள் ஓரளவு நிறைவு செய்தன. தூணருகே அமர்ந்த ஆசிரியரைச் சூழ எவரும் அமரலாம். பின்னர் 1067இல் பாக்தாதில் திறக்கப்பட்ட நிஜாமிய்யா போன்ற மத்ரஸாக்கள், வக்ஃபு வருவாயைக் கொண்டு மாணவர்க்கு உதவித்தொகையும் வழங்கின.

இன்று நம் இல்லங்களிலும் இயற்பியலுக்கும் கணிதத்திற்கும் ஆசிரியர் வருகின்றனர். கூலி எவ்வளவு, மதிப்பெண் எவ்வளவு என்று கேட்கிறோம். ஆசிரியர் விடைபெற்றுச் சென்றபின் நம் பிள்ளை தானே ஒரு நூலைத் திறந்து படிக்குமா என்று கேட்கிறோமா? அண்டை வீட்டு ஏழைப் பிள்ளைக்கும் அப்பாடத்தில் ஓர் இடம் அளிக்கிறோமா? இவ்விரு கேள்விகளுக்கும் 'ஆம்' என்று கூறும் இல்லமே முன்னோர் வழி நின்ற இல்லமாகும்.