தொண்ணூறில் ஐந்து: ஜெனோவாக் குலுக்கலின் கணக்கு

இத்தாலியத் துறைமுகக் குடியரசான ஜெனோவாவில், 16 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆட்சி மன்றத்தாரைத் தேர்ந்தெடுப்பதற்காக 120 பிரபுக்களின் பெயர்களைக் கலத்திலிட்டு, ஆண்டுக்கு இருமுறை ஐந்து பெயர்களை எடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. யார் பெயர் வரும் என்று ஊரார் பந்தயம் கட்டத் தொடங்க, நாளடைவில் பெயர்களின் இடத்தை எண்கள் பிடித்துக்கொண்டு, 90 எண்களில் ஐந்தை எடுக்கும் லாட்டரி உருவாயிற்று.

எடுத்த எண் மீண்டும் கலத்தில் போடப்படுவதில்லை என்பதே இக்குலுக்கலின் கணக்கை நிர்ணயித்தது. ஒருவர் கட்டிய ஓர் எண் அந்த ஐந்தில் இடம்பெறுவதற்கான நிகழ்தகவு, அதாவது வாய்ப்பின் அளவு, 5/90, பதினெட்டில் ஒன்று. இரண்டு எண்களைக் கட்டியவர் 18 ஐ 18 ஆல் பெருக்கி, 324 இல் ஒரு வாய்ப்பு உண்டென நினைத்தால் ஏமாந்துபோவார். முதல் எண் வந்துவிட்டதென்றால் எஞ்சிய 89 எண்களுக்கு நான்கே இடங்கள் இருப்பதால், 5/90 ஐ 4/89 ஆல் பெருக்க வேண்டும். விடை 2/801, ஏறத்தாழ 400 இல் ஒன்று. இப்படியே தொடர்ந்தால், நான்கு எண்களும் வருவதற்கான வாய்ப்பு 5,11,038 இல் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

1758 இல் பாரிஸில், இராணுவப் பள்ளிக்கு நிதி திரட்டுவதற்காக, இத்தாலிய சாகசக்காரர் காஸநோவாவும் அவருடைய நாட்டவரான கால்சபீஜியும் முன்னின்று இதே லாட்டரியைத் தொடங்கிவைத்தனர். அங்கு ஓர் எண்ணுக்கு 15 மடங்கும், இரண்டுக்கு 270 மடங்கும், பின்னாளில் நான்குக்கு 75,000 மடங்கும் பரிசு தரப்பட்டது. ஓர் எண்ணில் பந்தயப் பணத்தின் ஆறில் ஒரு பங்கையும், இரண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையும் எடுத்துக்கொண்ட கருவூலம், நான்கு எண்களில் நூற்றுக்கு 85 க்கும் மேல் எடுத்துக்கொண்டது. பரிசின் பெருமையைக் கண்டு மயங்கிய ஏழையே மிகுதியாகச் சுரண்டப்பட்டான் என்பது இக்கணக்கின் கசப்பான உண்மை.

பெர்லினில் இரண்டாம் பிரெடெரிக் மன்னர் 1749 இலேயே இத்தகைய திட்டமொன்றைக் கணித மேதை ஆய்லரிடம் ஆய்வுக்கு அனுப்பினார். பின்னர் ஆய்லர், வெளிவரும் ஐந்தில் 14, 15 போல அடுத்தடுத்த எண்கள் அமையும் வாய்ப்பையும் ஆராய்ந்து, 1767 இல் கட்டுரையாக வெளியிட்டார். ஐந்து எண்களை எடுக்கும் 4,39,49,268 வழிகளில் அடுத்தடுத்து வராதவை 3,48,26,302 மட்டுமே என்பதால், ஐந்து குலுக்கல்களுக்கு ஒருமுறையேனும் அத்தகைய இணை தென்படுவது இயல்பே. அதில் சகுனம் பார்ப்பதற்கு எதுவுமில்லை.

பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் 1819 இல் அந்நாட்டு மேலவையில் இந்த லாட்டரியை எதிர்த்துப் பேசினார். பிரான்ஸ் 1836 இல் அதை ஒழித்தது. இத்தாலியிலோ இன்றும் 90 எண்களில் ஐந்தே எடுக்கப்படுகின்றன. ஒரே நகரக் குலுக்கலில் இரண்டு எண்களை மட்டும் கட்டி வென்றவருக்குக் கிடைப்பது 250 மடங்கு, அன்றைய பாரிஸ் தந்ததைவிடக் குறைவு.